நான்கு நாற்பத்தேழு

"அதை அணைக்க முடியாதா?" என்றார் திரு குவெக்,
பக்கத்து வீட்டு ஏர்கானைச் சொல்வதுபோல.
புளோக் 236, பதினொன்றாம் மாடி, புக்கிட் பாத்தோக்.
விடியுமுன் நான்கு நாற்பத்தேழுக்குத் தொடங்குகிறதாம்.
ஒவ்வொரு கூவலும் முந்தியதைவிட ஒரு படி உயரம்,
உச்சியில் போய் அறுந்து விழுகிறதாம்,
மறுபடி தரையிலிருந்து.

எந்த மரம் என்று கேட்டேன்.
அவர் அனுப்பிய படத்தில் இருந்தது
தூங்குமூஞ்சி மரம்.
தமிழில் அதன் பெயரை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

நகர மன்றப் படிவத்தில்
இரைச்சல் செய்பவரின் வீட்டு எண்ணுக்கு ஒரு கட்டம்.
காலியாக விட்டேன்.
ஒரு சுள்ளி பொறுக்கியதில்லை அது,
ஒரு நாள் அடைகாத்ததில்லை.

மார்ச்சிலிருந்து இது முப்பத்தோராவது.
ஒருவர் தூக்க மாத்திரைச் சீட்டை இணைத்திருந்தார்.
ஒருவர் ஒலிப்பதிவே அனுப்பினார்.
மதியம் அதை ஓடவிட்டேன்,
வாசல் பனையிலிருந்து நிஜக் குயில் பதில் கூவியது.
எதிர் மேசை ஹஸ்லினா சிரித்து மைலோவைக் கொட்டினாள்.

குயில்போல் பாடுகிறாள் என்று
மூன்றாம் வகுப்பில் எனக்கு ஒரு சான்றிதழ் உண்டு.
கூவுவது ஆண் என்று
அப்போது யாரும் சொல்லவில்லை.
பெட்டை, பழுப்பில் வெள்ளை தெளித்தவள்,
கதவிடுக்கில் விரல் சிக்கியதுபோல்
கிக் கிக் கிக் என்பாள்.
அவ்வளவுதான் அவள் சங்கீதம்.

கார் நிறுத்தத்தின் மேல்தளத்தில் மூன்று காலை நின்றேன்.
மூன்றாம் நாள் பார்த்தேன்:
கறுப்பன் வேண்டுமென்றே வெட்டவெளிக்கு வந்து,
சிவந்த கண் தெரிய, காக்கைகளை வம்புக்கு இழுத்தான்.
இரண்டும் அவனைத் துரத்திக்கொண்டு
இரயில் பாதை வரை போயின.
அந்த இடைவெளியில் அவள் நுழைந்தாள்.
நான் பன்னிரண்டு எண்ணுவதற்குள் வெளியே வந்தாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.
நான்தான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

குயிலைக் குறைக்க
விதிப்படி வழி ஒன்றுதான்:
காக்கைக் கூட்டை அகற்று.
கூவுகிறவனுக்கு இடிக்க வீடில்லை,
வீடு கட்டியவள்தான் கையில் கிடைக்கிறாள்.

தூக்கி வண்டியில் ரஃபிக்குலோடு ஏறினேன்.
கூட்டில் சட்டை மாட்டும் கம்பிகள் ஆறு,
முகக்கவச வார்கள், நீல நைலான் கயிறு,
யார் வீட்டுக் கொடியிலிருந்தோ ஒரு கிளிப்.
மூன்று முட்டை ஒரு சாயல்.
நான்காவது சற்றுச் சின்னது, புள்ளியில் செம்மை அதிகம்.
"கோகில்," என்றான் ரஃபிக்குல், விரல் படாமல் காட்டி.
அவன் ஊரிலும் இப்படித்தானாம்.
தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிற காக்கை
குஞ்சுகளை எண்ணிப் பார்ப்பதில்லை.
தலைக்கு மேல் இரண்டும் கத்திச் சுற்றின.
என் தலைக்கவசத்தில் ஒரு கொத்து விழுந்தது.
ரஃபிக்குல் பையை விரித்துப் பிடித்தான்.
நான்தான் கையொப்பமிட்டவள்.

"நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று
திரு குவெக்குக்கு எழுதினேன்.

ஒன்பதாம் நாள் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.
சத்தமே இல்லை, நன்றி என்றார்.
பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை, வைக்கவும் இல்லை.
"ஆனால் நான்கு நாற்பத்தேழுக்கு எழுந்துவிடுகிறேன்.
உட்கார்ந்து காத்திருக்கிறேன்.
இதற்கு யாரிடம் சொல்வது?"

படிவத்தில் தேடினேன்.
இரைச்சல், துர்நாற்றம், நீர்க்கசிவு,
மின்தூக்கி, பறவை, மற்றவை.

மற்றவை என்று குறித்துக்கொண்டிருந்தபோது
வாசல் பனையில் அவள் வந்து அமர்ந்தாள்,
சிவந்த பழம் ஒன்றை முழுசாக விழுங்கினாள்.
புளோக் 241-இன் பக்கம் ஒரு காக்கை
கம்பி சுமந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.